பகல் ஷிஃப்ட்

டெர்காச் வீட்டில் சண்டை மூண்டால் அது முட்டை பொரியும் நேரத்தில்தான் மூளும். மற்ற நேரத்தில் சண்டைக்கு ஆள் கிடைப்பதில்லை. ஓரெஸ்ட் விடிந்தால் வயலில் இருப்பான். அவன் பெண்டாட்டி வெர்னா பள்ளி நாட்களில் பள்ளி பஸ் ஓட்டுவாள், விடுமுறையில் கோதுமை லாரி ஓட்டுவாள். இடுப்பில் செருகிய பேஜர் கூவிவிட்டால், லாரியை அப்படியே வரப்போரம் விட்டுவிட்டு மோர்லன் ஊர்த் தன்னார்வத் தீயணைப்பு நிலையத்துக்குப் பறந்துவிடுவாள். பதினான்கு வருடமாக இதுதான் நடக்கிறது. பதினான்கு வருடமாக ஓரெஸ்ட்டும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

அந்த ஜூலை செவ்வாய்க்கிழமை காலையில் முணுமுணுப்பு போதவில்லை. மேசை மேல் ஒரு கடிதம் கிடந்தது.

"செப்டம்பர் பதினெட்டா?" ஓரெஸ்ட் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தான். "அறுவடைக்கு நட்டநடுவுலயா? பரீட்சை வைக்கிறவன் ரொட்டியே திங்கறதில்லையா? அது எங்க இருந்து வருதுன்னு அவனுக்கு யாரும் சொல்லித் தரலையா?"

"தேதிய நான் கேட்டு வாங்கல," என்றாள் வெர்னா, சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாத்திக் கேளு."

"அடுத்தது பிப்ரவரிலதான். அதுக்குள்ள வண்டி போயிடும்."

வண்டி என்றால் ஆம்புலன்ஸ். மோர்லனில் அது தீயணைப்பு வண்டிகளோடு ஒரே கொட்டகையில்தான் நிற்கும். தீயை அணைப்பவர்களேதான் அதையும் ஓட்டுவார்கள், நோயாளியையும் பார்ப்பார்கள். சாயங்காலம் ஆகிவிட்டால் கவலை இல்லை. பொட்டாஷ் உரச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் மூன்று பாராமெடிக்குகள், ஊசி மருந்து போடத் தகுதி உள்ளவர்கள், வீடு திரும்பிவிடுவார்கள். பகலில் ஊரில் இருக்கும் ஒரே பாராமெடிக் லைல் பெர்க்வால். அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தால்கூட ஊர் அம்போ. அக்டோபர் முதல் தேதிக்குள் பகலுக்கு இன்னொருவர் இல்லையென்றால், பகல் நேர ஆம்புலன்ஸை எழுபது கிலோமீட்டர் தள்ளி கிப்ஸ்டனில் நிறுத்திவிடுவதாக மேலிடத்திலிருந்து சொல்லிவிட்டார்கள். ஜனவரிப் பனிப்புயலில் எழுபது கிலோமீட்டர் என்பது என்னவென்று இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை.

அந்த இன்னொருவர் வெர்னாதான். வேறு ஆள் கிடையாது. இப்போது அவளிடம் இருப்பது கீழ்ப்படிச் சான்றிதழ். அதை வைத்துக்கொண்டு கட்டுப் போடலாம், ஆக்சிஜன் வைக்கலாம், நெஞ்சை அமுக்கலாம். ஊசியும் மருந்தும் மேல்படிக்காரர்களுக்கு. ஐம்பத்தொரு வயதில், இரண்டு குளிர்காலம், இதே சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தாள். எழுத்துப் பரீட்சையில் தேறினாள். ஏப்ரலில் சஸ்கட்டூன் நகரத்தில் நடந்த செய்முறைப் பரீட்சையில், ரப்பர் கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றும் இடத்தில், பக்கத்தில் ஒருவர் அட்டையும் பேனாவுமாக நிற்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகக் கை வெடவெடவென்று நடுங்கிவிட்டது. தேறவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு மெட்ரோ வந்தார். ஓரெஸ்ட்டின் அண்ணன். ஞானஸ்நானத்தில் வைத்த பேர் டிமித்ரோ. அந்தப் பேரை எழுதத் தெரிந்த பாதிரியார் போய்ச் சேர்ந்து ரொம்ப நாளாகிறது. அறுபத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. அதே முற்றத்தில் தனியாக ஒரு சின்ன வீடு வைத்திருந்தார், தூங்குவதற்கு மட்டும். சாப்பாடு இங்கேதான்.

"என்ன, ரெண்டு பேரும் ஏற்கெனவே ஆரம்பிச்சாச்சா? எனக்காகக் கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா?"

"உங்க தம்பிகிட்ட கேளுங்க."

"அறுவடையில ஒரு நாள் வேணுமாம்," என்றான் ஓரெஸ்ட். "லாரிய யாரு ஓட்டுவா? உன் பூனையா?"

"என் பூனை உன்னை விட நல்லா ரிவர்ஸ் எடுக்கும்," என்று மெட்ரோ நாலு முட்டையைத் தன் தட்டில் தள்ளிக்கொண்டார். "ஒரு நாள்தானேடா. குடுத்துடு."

"ஒரு நாளா? பதினாலு வருஷம் கணக்குப் போடு. ஊர்ல எவனுக்கு மூச்சு முட்டினாலும் இவ ஓடணும். வீட்டுக்கு எப்ப ஓடுவா?" ஓரெஸ்ட் அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் ஒருதடவை ஓடத் தொடங்கினால் நிற்கிற வாய் இல்லை அது. "அதுவும் எதுக்கு? ஏப்ரல்ல மாதிரி கையை நடுங்கவிட்டுத் திரும்பி வர்றதுக்கா?"

மெட்ரோ முள்கரண்டியைக் கீழே வைத்தார். வெர்னா அடுப்பை அணைத்தாள். பதில் சொல்லப்போனால் அழுதுவிடுவாள், அழுவதை அவனுக்குக் காட்ட அவளுக்கு மனமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போய், தன் பழைய காரில் ஏறிக் கிளம்பிவிட்டாள்.

"நல்லா இருக்குடா," என்றார் மெட்ரோ. "உனக்கு வாய் இருக்கிற இடத்துல ஒரு தாழ்ப்பாள் போட்டிருக்கணும் ஆண்டவன்."

*

லைல் பெர்க்வால் ஆள் நூற்று நாற்பது கிலோ. குரல் மட்டும் ஒரு கைப்பிடி. தானியக் கிடங்கில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றபின் தீயணைப்பு நிலையமே கதி என்று ஆகிவிட்டார். செவ்வாய்க்கிழமைகளில் வெர்னாவுக்குச் செய்முறைப் பயிற்சி. அவர் பக்கத்தில் நின்று பார்த்தால் ஊசி மருந்து வேலைகளை அவளும் செய்யலாம் என்பது விதி.

ரப்பர் கையில் மூன்றாவது முறை குத்திவிட்டு அவள் ஊசியை மேசையில் போட்டாள்.

"இன்னிக்குக் கை நடுங்கல, மனசு நடுங்குது," என்றார் லைல். "ஓரெஸ்ட்டா?"

"வேற யாரு."

"நானும் முப்பத்தெட்டு வருஷம் ஒருத்திகூட குடும்பம் நடத்தினவன்தான். காபி குடி."

அவர் காபியை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அவள் போன் அடித்தது. ஓரெஸ்ட். எடுக்காமல் விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அப்படி நினைத்ததை வெகுநாள் அவளால் மறக்க முடியவில்லை.

"வெர்னா," என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை. "மெட்ரோ குதிருக்குள்ள போயிட்டான். கோதுமை இழுத்துடுச்சு."

"எது வரைக்கும்?"

"நெஞ்சு வரைக்கும். பேசுறான். நான் மெஷினை நிறுத்திட்டேன். நீ வா."

"அவசர நம்பருக்குச் சொன்னியா?"

"அங்க எவனோ இருப்பான், நமக்கென்ன தெரியும் அவனை. உனக்குத்தான் போட்டேன். நீ வா வெர்னா."

"வர்றேன். ஓரெஸ்ட், கேளு. நீ உள்ள இறங்காத. எதையும் இழுக்காத. கேக்குதா?"

லைன் போய்விட்டது. லைல் அதற்குள் சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அழுத்தியிருந்தார். கூரை மேலிருந்த சங்கு ஊர் முழுக்க அலறியது. தபால் நிலையத்திலிருந்து ஒருத்தி ஓடிவந்தாள், மெக்கானிக் கடையிலிருந்து டேரிலும் அவன் முதலாளியும் கையில் கிரீஸோடு ஓடிவந்தார்கள். நாலு நிமிடத்தில் தீயணைப்பு வண்டியும் ஆம்புலன்ஸும் புறப்பட்டுவிட்டன.

ஆறு மைல் சரளைச் சாலை. வழி நெடுக மஞ்சளாகக் கடுகுப் பூ. வெர்னா எதையும் பார்க்கவில்லை. போன அறுவடைக் கோதுமை அந்தக் குதிரில் கிடந்தது. புதுசு வருவதற்குள் காலி செய்ய வேண்டும் என்று ஒரு வாரமாகப் பேச்சு. வசந்தத்தில் கூரை ஒழுகி மேலே கட்டி கட்டியாக இறுகியிருந்தது. கீழே திருகு குழாய் கோதுமையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே மேலே இறங்கிக் கம்பால் கட்டியை உடைப்பது இந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்கிற காரியம். அப்பனும் அப்படித்தான் செய்தான், தாத்தனும் அப்படித்தான் செய்தான், ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். ஆனவர்கள் திரும்பி வந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

முற்றத்தில் வண்டி திரும்பியதும் அவள் முதலில் கேட்டது டிராக்டர் சத்தம். இரும்புக் குதிரின் உச்சித் துவாரத்திலிருந்து ஒரு தடிக் கயிறு இறங்கி, டிராக்டரின் முன்பக்கத் தூக்குக் கையில் கட்டியிருந்தது. ஓரெஸ்ட் டிராக்டர் மேலே உட்கார்ந்திருந்தான். கயிறு விறைத்துக்கொண்டிருந்தது.

வெர்னா வண்டி நிற்பதற்குள் குதித்துவிட்டாள்.

"நிறுத்து! ஓரெஸ்ட், அணை அதை!"

"மெதுவாத்தான் இழுக்கிறேன்! கக்கத்துல கட்டியிருக்கேன்!"

"கோதுமை அவரை முந்நூறு கிலோவுக்கு மேல அழுத்திப் பிடிச்சிருக்கு. நீ இழுத்தா பாதி ஆளுதான் மேல வரும். அணை!"

"அவன் என் அண்ணன்டி!"

"எனக்கு மட்டும் யாரு? சாவியைக் குடு."

வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் அவள் அவனிடம் இப்படிப் பேசியது கிடையாது. ஓரெஸ்ட்டின் தாடை அசைந்தது. பிறகு எஞ்சினை அணைத்தான். சாவியை உருவி அவளிடம் நீட்டினான்.

*

குதிரின் ஏணியில் லைல்தான் முதலில் ஏறினார். உச்சித் துவாரத்தில் தலையும் ஒரு தோளும் போயின. அதற்கு மேல் போகவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். நூற்று நாற்பது கிலோவுக்கு அந்த ஓட்டையைச் செய்தவன் அளவெடுக்கவில்லை.

"என்னால நுழைய முடியாது," என்று இறங்கி நின்றார், முகம் சிவந்துபோய். "வெர்னா, நீதான் போகணும். நான் மேல இருந்து பார்த்துட்டு இருக்கேன். நான் பார்த்தா நீ ஊசி போடலாம். சட்டப்படி சரி."

"லைல்…"

"விடுவிச்சதும் கால்ல தேங்கின ரத்தமெல்லாம் ஒரே ஓட்டமா ஓடும். அழுத்தம் விழுந்துடும். அதுக்கு முன்னாடி நரம்புல மருந்துத் தண்ணி ஏறியிருக்கணும். டேரில் தகடு அடிப்பான். நீ கையைப் பாரு."

அவள் இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு, முகமூடியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். உள்ளே மேல்பக்கத்துக் காற்று அடுப்பு மாதிரி கொதித்தது. கோதுமையைத் தொட்டால் போன குளிர்காலத்தின் சில்லிப்பு இன்னும் இருந்தது. தூசி மிதந்த வெளிச்சத்தில் மெட்ரோவின் தலையும் தோளும் இரண்டு கையும் மட்டும் தெரிந்தன. மீசையெல்லாம் உமி.

"வா வா டாக்டரம்மா," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைத் தேடினார். "நான் எங்கயும் போகல."

"பேசாதீங்க. மூச்சை மேலோட்டமா விடுங்க. ஆழமா விட்டா நெஞ்சு சுருங்குறப்ப கோதுமை இன்னும் இறுக்கும்."

"காலு ரெண்டும் இருக்கா இல்லையான்னு தெரியல."

"இருக்கு. நான் எண்ணித் தர்றேன், வெளிய வந்ததும்."

பின்னாலேயே டேரிலும் இறங்கினான். இருவரும் பலகையைப் பரப்பி அதன் மேல் மண்டியிட்டார்கள். டேரில் வளைந்த தகடுகளை ஒவ்வொன்றாக அவரைச் சுற்றிக் கோதுமைக்குள் இறக்கி, ஒன்றோடொன்று மாட்டி, மர மட்டையால் அடித்து இறக்கினான். நாலாவது தகடு மாட்டியதும் மெட்ரோ ஒரு தகர டப்பாவுக்குள் நிற்கிறவர் மாதிரி ஆனார். இனி வெளியிலிருந்து கோதுமை சரியாது. உள்ளே இருப்பதை மட்டும் அள்ளவேண்டும்.

"பக்கெட் வேணும்!" வெர்னா மேலே பார்த்துக் கத்தினாள். "சின்ன பக்கெட்! ஓரெஸ்ட்டை விட்டு ஐஸ்கிரீம் பக்கெட் கொண்டாரச் சொல்லுங்க!"

நாலு லிட்டர் ஐஸ்கிரீம் வாளி இல்லாத வீடு அந்த மாகாணத்திலேயே கிடையாது. ஐஸ்கிரீம் ஒரு வாரத்தில் தீரும், வாளி ஒரு தலைமுறைக்கு இருக்கும். ஓரெஸ்ட் பட்டறைக்கு ஓடினான். வருடக்கணக்காக ரகம் பிரித்து வைத்திருந்த ஆணியையும் திருகாணியையும் ஒரே குவியலாகத் தரையில் கொட்டினான். பக்கத்துப் பண்ணை ஆக்னஸ் ஷ்மிட் தீயணைப்பு வண்டிச் சங்கு கேட்டு வந்தவள், வீட்டுக்குத் திரும்பி ஓடி, காரின் பின்சீட்டு நிறைய வாளியோடு வந்தாள். ஒன்றில் பாதி பெர்ரிப் பழம்கூட இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கினார்கள், ஏற்றினார்கள்.

டேரில் அள்ள, வெர்னா மெட்ரோவின் கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நாற்பது வருடம் வைக்கோல் கட்டிய கை. ஆனால் நரம்பு குளிரில் உள்ளே ஓடிவிட்டது. துவாரத்தில் லைலின் தலை வெளிச்சத்தை மறைத்தது. ஊசியைப் பிரித்தாள். உடனே ஆரம்பித்துவிட்டது, விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, அதே பாழாய்ப்போன நடுக்கம்.

முதல் முறை குத்தினாள். நரம்பு நழுவிவிட்டது.

"ஆ," என்றார் மெட்ரோ. "எனக்குத்தான் குத்தினியா, கோதுமைக்கா?"

"மன்னிச்சுக்கோங்க. கை… நிக்க மாட்டேங்குது."

மெட்ரோ அவளைப் பார்த்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. விளையாட்டுப் பேச்சை ஒரு நிமிடம் ஓரமாக வைத்தார்.

"நடுங்கட்டும் வெர்னா. பரவாயில்ல. இன்னொரு தடவை குத்து. எனக்கு வேற யாரும் வேண்டாம்."

அவள் மெட்ரோவின் முழங்கையைத் தன் முழங்காலோடு அணைத்து, தன் இடக்கை விரலால் அந்த நரம்பை அழுத்திப் பிடித்தாள். நடுக்கம் நிற்கவில்லை. நடுக்கத்தோடுதான் குத்தினாள். குழாயில் சிவப்பாக ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

"உள்ள இருக்கு," என்றார் லைல் மேலிருந்து. "மருந்துத் தண்ணிப் பையைத் திற."

அதன்பின் ஒன்றரை மணி நேரம். வாளி இறங்கும், வாளி ஏறும். இடுப்பு தெரிந்தது, பிறகு தொடை, பிறகு ஒரு கால் பூட்ஸ் இல்லாமல் வந்தது. மெட்ரோவை விடுவித்த நொடியில் லைல் சொன்னது நடந்தது: முகம் வெளுத்துக் கண் சொருகியது. வெர்னா மருந்துப் பையை இரண்டு கையாலும் பிழிந்து ஏற்றினாள். "மெட்ரோ! என்னைப் பாருங்க! உங்க பூனை பேரென்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"பூனை," என்றார் மெட்ரோ ரொம்ப நேரம் கழித்து. "பூனைக்கு எதுக்குடி பேரு."

அந்தக் குரல் கேட்டதும், வெளியே கோதுமைக் குவியலில் ஓரெஸ்ட் மண்டிபோட்டு உட்கார்ந்துவிட்டான். ஆக்னஸ் அவன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

*

கிப்ஸ்டன் ஆஸ்பத்திரியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு விலா எலும்பில் விரிசல், சிறுநீரகத்துக்கு ஒன்றும் இல்லை, மூன்று நாள் வைத்திருந்து அனுப்பிவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். ஊசி யார் போட்டது என்று கேட்டார். சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள் என்றும் சொன்னார். லைல், "நான் கூரை மேல வெயில் காஞ்சிட்டு இருந்தேன், இவதான்," என்று கை காட்டிவிட்டு ஆம்புலன்ஸை எடுத்துக்கொண்டு மோர்லனுக்குத் திரும்பிவிட்டார். ஊரில் வண்டி இல்லாமல் எவ்வளவு நேரம் இருப்பது?

காரிடாரில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும். வெர்னா கிழங்கு வறுவல் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். அவன் எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் கையில் வைத்திருந்தான். அவன் சட்டைப் பைக்குள் இன்னும் கோதுமை மணி இருந்தது.

"நான் இழுத்திருப்பேன்," என்றான்.

"இழுக்கலயே."

"நீ வந்ததால இழுக்கல. இன்னும் ரெண்டு நிமிஷம் தாமதமா வந்திருந்தா…" பைக்குள்ளிருந்து ஒரு மணியை எடுத்து உருட்டினான். "கிப்ஸ்டன்ல இருந்து வண்டி வர்றதா இருந்தா, நான் அவனைக் கொன்னிருப்பேன் வெர்னா. ரெண்டு கையாலயும்."

அது உண்மை என்று இருவருக்கும் தெரியும். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில நான் பேசினது…"

"விடு."

"விடமாட்டேன். தப்பு. வாய்க்கொழுப்பு." பிறகு கேட்டான்: "இன்னிக்குப் போட்ட ஊசிய அவங்க கணக்குல எடுத்துக்க மாட்டாங்களா? இதைவிட என்ன பரீட்சை வேணுமாம்?"

"மாட்டாங்க. ரப்பர் கையில போட்டாத்தான் கணக்கு."

"உயிர் இருக்கிற கை செல்லாதா?"

"செல்லாது."

"பைத்தியக்காரனுங்க," என்று சொல்லிவிட்டு ஓரெஸ்ட் அப்போதுதான் வறுவலை வாயில் போட்டான். பரீட்சை பற்றி அதற்கு மேல் அவன் பேசவில்லை. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆகஸ்ட் முழுவதும் அந்தத் தேதி இருவருக்கும் நடுவில் சாப்பாட்டு மேசை மேல் உட்கார்ந்தே இருந்தது.

*

செப்டம்பர் வந்ததும் மழையும் வந்தது. ஒன்பது நாள் விடாமல் தூறல். வெட்டாத கோதுமை நின்ற இடத்தில் கறுத்தது. பதினாறாம் தேதி காற்று திரும்பியது. பதினேழாம் தேதி மதியத்துக்கு மேல் வயல் காய்ந்து, இருட்டும்வரை வெட்டினார்கள். பதினெட்டாம் தேதி விடியும்போது வானம் கழுவி விட்டதுபோல் இருந்தது. வெயில், காற்று, பனிகூட இல்லை. பத்தொன்பதாம் தேதி மறுபடி மழை என்று வானொலி சொன்னது.

வெர்னா எழுந்ததும் ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கொடியிலிருந்து லாரி ஓட்டும்போது போடுகிற பழைய மேலுடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டாள். மனசு ஒடிந்துதான் போனது. ஆனால் விவசாயி வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு இப்படி ஒரு நாளை விடுவது எப்படி என்று தெரியாது. லைலுக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே காபி போட்டாள்.

ஓரெஸ்ட் படியிறங்கி வந்தான். கல்யாண வீட்டுக்கும் சாவு வீட்டுக்கும் போடுகிற வெள்ளைச் சட்டை போட்டிருந்தான்.

"யார் செத்தா?" என்றாள் அவள்.

"நீ ஏன் இந்தக் கோலத்துல நிக்கிற? எட்டு மணிக்குக் கிளம்பினாத்தான் பதினோரு மணிக்கு சஸ்கட்டூன்ல இருக்க முடியும்."

"ஓரெஸ்ட், வெளிய பாரு."

"பார்த்தேன்."

"நாளைக்கு மழை."

"அதையும் கேட்டேன். நனைஞ்சா மாட்டுத்தீவன விலைக்குப் போகும். போகட்டும்."

"சரி, அப்ப நான் மட்டும் போறேன். நீ இருந்து வெட்டு. எதுக்கு ரெண்டு பேரும்?"

"ஏப்ரல்ல நீ தனியாத்தான் ஓட்டிட்டுப் போன. மூணு மணி நேரம் ஸ்டீயரிங்கைப் பிடிச்சு நெறிச்சுட்டுப் போனா எந்தக் கைதான் நடுங்காது? நான் ஓட்டுறேன். நீ கையை மடியில வச்சுட்டுச் சும்மா வா." அவன் அவள் பக்கம் திரும்பாமல் காபியை ஊற்றினான். "போய்த் துணி மாத்து."

அவள் அங்கேயே நின்று அழுதுவிட்டாள். இந்தமுறை அவனுக்குக் காட்டுவதில் வெட்கமில்லை.

பிக்கப் வண்டியில் ஏறப் போனால் பின்சீட்டில் மெட்ரோ உட்கார்ந்திருந்தார், மடியில் பொதிந்த பெரோகிக் கொழுக்கட்டைப் பொட்டலத்தோடு.

"நீங்க எங்க?"

"பரீட்சை வைக்கிறவன் சந்தேகப்பட்டா காட்டுறதுக்கு ஆள் வேண்டாமா?" என்று சட்டைக் கையை மடித்து ஊசி குத்திய இடத்தைக் காட்டினார். அங்கே தழும்பு எதுவும் இல்லை. ஆனாலும் வழியெல்லாம் காட்டிக்கொண்டே வந்தார்.

*

இரண்டரை மணி வரை உள்ளே வைத்திருந்தார்கள். நாலு அறை, நாலு ரப்பர் மனிதர்கள், அட்டையும் பேனாவுமாக நாலு பேர். ஊசி மூன்றாவது அறையில். கை நடுங்கியது. நடுங்கட்டும் என்று விட்டாள். முழங்கையைத் தன் முழங்காலோடு அணைத்து, நரம்பை அழுத்திப் பிடித்து, நடுக்கத்தோடே ஏற்றினாள். அட்டைக்காரர் ஏதோ எழுதினார். கடைசியில் ஒரு அம்மாள் வெளியே வந்து அவளைத் தனியே கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தாள்.

வெர்னா அதை இரண்டு முறை படித்துவிட்டு வாகன நிறுத்தத்துக்கு வந்தாள். அண்ணனும் தம்பியும் பிக்கப்பின் பின்பலகையைச் சாய்த்து அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் காலிப் பொட்டலம். பரீட்சைக் கூடத்தில் எழுதிப் போட்டிருந்தபடி பவ்யமாக அணைத்து வைத்திருந்த போனை மெட்ரோ அப்போதுதான் திறந்திருக்க வேண்டும். திறந்ததும் அது அலறியது. அவர் அதைத் தம்பியிடம் நீட்டினார். ஓரெஸ்ட் ஒலிபெருக்கியில் போட்டான். அவர்கள் முதுகுப் பக்கம் நாலடி தள்ளி அவள் நின்றுவிட்டாள்.

"எங்கடா இருக்கீங்க?" லைலின் குரல். அவருக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. "யாரு இது, மெட்ரோவா? உயிரோடதான் இருக்கியா?"

"நான் ஓரெஸ்ட். என்ன ஆச்சு லைல்?"

"என்ன ஆச்சா? அதை நான் கேக்கணும்! உன் அறுவடை மெஷின் பாதி வயல்ல நிக்குதுன்னு ஆக்னஸ் மதியம் போன் பண்ணினா. இந்த மாதிரி ஒரு நாள்ல எவன்டா மெஷினை நிறுத்துவான்? லாரி நிக்குது, வீட்டுக் கதவு திறந்து கிடக்குது, ஒரு ஆளைக் காணோம். உன் போன் மெஷினுக்குள்ளயே அடிக்குது. நாங்க சங்கு ஊதி, ரெண்டு வண்டியும் கொண்டு வந்து, உங்க அஞ்சு குதிர்லயும் ஏறித் தேடிட்டோம். டேரில் இப்ப மூணாவதை மறுபடியும் தட்டிப் பார்த்துட்டு இருக்கான். ஆக்னஸ் அழுதுட்டு நிக்கிறா. யாருக்கு என்னடா ஆச்சு?"

ஓரெஸ்ட் தலையைச் சொறிந்துகொண்டான்.

"யாருக்கும் ஒண்ணும் ஆகல லைல். வெர்னாவுக்குப் பரீட்சை. கூட்டிட்டு வந்தேன்."

போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது.

"பரீட்சைன்னு எனக்குத் தெரியாதா? அவ தனியா போவான்னுல்ல நினைச்சோம். அதுக்காகவா நிறுத்தின?" என்றார் லைல். குரல் பழைய கைப்பிடிக் குரலாகச் சுருங்கியிருந்தது. "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தானே பரீட்சை."

பிறகு தயங்கித் தயங்கி, "தேறிட்டாளா?" என்றது குரல்.

"இன்னும் வரல," என்று சொல்லிக்கொண்டே ஓரெஸ்ட் கட்டடத்தைப் பார்க்கத் திரும்பினான். திரும்பியவன் அவளைப் பார்த்தான், அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். வாயைத் திறந்தான், ஒரு சொல்லும் வரவில்லை. ஓரெஸ்ட் டெர்காச்சுக்கு வாய் வேலை செய்யாமல் போனதை மெட்ரோ அன்றுதான் முதல்முதலாகப் பார்த்தார்.

வெர்னா நடந்து வந்து அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"லைல், டேரிலைக் கீழ இறங்கச் சொல்லுங்க," என்றாள். "அக்டோபர் ஒண்ணாம் தேதி பகல் ஷிஃப்ட்ல என் பேரை எழுதிக்கோங்க."